கவுன்சலிங் ஆப்பில் பத்து செஷன் பேக்கேஜ்: பணம் கட்டலாமா?

கேள்வி: மகனுக்கு வயது 17. பிளஸ் டூ முடித்துவிட்டு இரண்டாவது தடவையாக நீட்டுக்குப் படிக்கிறான். மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லை, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை. நேரில் எங்கேயும் வர மாட்டேன், போனில் என்றால் பேசுகிறேன் என்கிறான். ஒரு கவுன்சலிங் ஆப்பில் விசாரித்தேன். ஒரு செஷன் 1,200 ரூபாய். பத்து செஷன் சேர்த்து எடுத்தால் 7,999 ரூபாய், ஆனால் அந்தச் சலுகை இன்று இரவு 12 மணி வரைதானாம். கட்டிவிடலாமா?
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: கட்டாதீர்கள். கவுன்சலிங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்து செஷனுக்கு முன்பணம் வேண்டாம் என்கிறேன்.

முதலில் அந்த இரவு 12 மணி. இதுபோன்ற ஒரு தளத்தில் நானே போய்ப் பார்த்தேன். ‘இன்னும் 14 நிமிடம் 59 விநாடி’ என்று சிவப்பு எழுத்தில் கடிகாரம் ஓடியது. பக்கத்தை மூடித் திறந்தேன், மறுபடியும் 14:59. இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பதும் முறையற்ற வணிகம்தான் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ‘டார்க் பேட்டர்ன்’ என்று அதில் பட்டியலிட்டிருக்கும் 13 தந்திரங்களில் இதுவும் ஒன்று. ஆக, நாளைக் காலையிலும் அந்தச் சலுகை அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, நீங்கள் வாங்கப்போவது ஆப்பை அல்ல, ஒரு ஆளை. அந்த ஆளிடம் உங்கள் மகன் மனம் விட்டுப் பேசுவானா என்பது ஒன்றிரண்டு தடவை பேசிய பிறகுதான் தெரியும். கடையில் புடவையைக்கூட விரித்துப் பார்க்காமல் பில் போடச் சொல்ல மாட்டோம். ஒரே ஒரு செஷனுக்கு 1,200 கட்டுங்கள். பையன் மறுபடி பேச ஒப்புக்கொண்டால் அடுத்ததற்குக் கட்டலாம். தள்ளுபடி போனால் போகட்டும்.

அந்த ஒரு செஷனுக்கு முன்பும் சில விஷயங்களைக் கேட்டாக வேண்டும். உங்களிடம் அக்கறையாகப் போனில் பேசுகிறவர் பெரும்பாலும் விற்பனைப் பிரிவு ஆள். அவரிடம், ‘என் மகனிடம் பேசப்போவது யார், என்ன படித்தவர், பதிவு எண் என்ன?’ என்று கேளுங்கள். ‘எங்கள் எக்ஸ்பர்ட்ஸ் எல்லாரும் சர்டிஃபைட்’ என்று பதில் வந்தால், யார் கொடுத்த சர்டிஃபிகேட் என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். வார இறுதி வகுப்பில் வாங்கியதும் சர்டிஃபிகேட்தான்.

நம் நாட்டில் ‘கவுன்சலர்’, ‘தெரபிஸ்ட்’, ‘லைஃப் கோச்’ என்று பெயருக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் கவுன்சலர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனாலும் இன்றைக்கு நீங்கள் உட்கார்ந்த இடத்தில் எளிதாகச் சரிபார்க்க முடிவது இரண்டு வகையினரைத்தான். ஒருவர் மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்பு படித்து, மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். மருந்து எழுத இவரால்தான் முடியும். இன்னொருவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரையோ பதிவு எண்ணையோ போட்டுத் தேடலாம். இந்த இரண்டிலும் சேராமல், எம்.எஸ்.ஸி. உளவியல் படித்து, மூத்தவர்களின் கண்காணிப்பில் பழகி வந்த நல்ல கவுன்சலர்களும் இருக்கிறார்கள். பரீட்சைப் பயம் மாதிரியான சிக்கலுக்கு அவர்களே போதும். ஆனால் உங்கள் மகனுக்கு மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை என்கிறீர்கள். அதனால் ஒரு தடவையாவது மருத்துவர் பார்த்துவிடுவது நல்லது.

மொழியையும் கவனியுங்கள். ‘மொழி: தமிழ்’ என்று போட்டிருந்த ஒருவரை அழைத்துப் பேசிப் பார்த்தேன். “கொஞ்சம் கொஞ்சம் புரியும் சார், நீங்க இங்கிலீஷ்ல சொல்லுங்க” என்றார். அழுகை வரும் நேரத்தில் இங்கிலீஷுக்கு எங்கே போவான் பையன்?

மகனுக்கு 18 ஆகவில்லை என்பதால் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்டு வாங்குகிற இடமாகவும் இருக்க வேண்டும். வயதைக்கூடக் கேட்காமல் பணம் வாங்குகிற ஆப் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். அப்புறம், பேசுகிற நேரத்தில் அவனுக்குக் கதவு சாத்திய ஒரு அறை கொடுங்கள். ஹாலில் சீரியல் ஓட, பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசு என்றால் ‘ம்’, ‘ஆமா’, ‘இல்ல’ என்பதிலேயே முக்கால் மணி நேரமும் போய்விடும்.

1,200 ரூபாய் கட்டுவதற்கும் முன்னால் 14416-க்குப் போன் போடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நீங்கள் முதலில் பேசி, பிறகு மகனைப் பேச வைக்கலாம். சாவைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னாலும் ஆப்பை நம்பிக் காத்திருக்கக் கூடாது. அவனைத் தனியே விடாமல் உடனே 14416-ஐ அழைத்து, பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இந்த ஆப்களின் விதிமுறைகளைக் கீழே தள்ளிப் படித்தால், அவசர நிலைக்கு இது உதவாது என்று பொடி எழுத்தில் அவர்களே எழுதியிருப்பார்கள்.

கேள்வி: வேலை அழுத்தம் தாங்காமல் ஒரு தளத்தில் மாதம் 2,499 ரூபாய்க்கு ‘அன்லிமிடெட் சாட்’ எடுத்தேன். ஒரு நாளைக்கு ஒரு பதில்தான் வரும், அதுவும் எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது போல இருக்கும். ஒரே மாதத்தில் மூன்று கவுன்சலர்கள் மாறினார்கள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொன்னேன். வெறுத்துப்போய் ஆப்பை நீக்கிவிட்டேன். அதன் பிறகும் இரண்டு மாதம் பணம் போயிருக்கிறது. கேட்டால் ‘நோ ரீஃபண்ட் பாலிசி’ என்கிறார்கள்.
– 34 வயது வாசகர், கோவை

பதில்: ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். உங்கள் யு.பி.ஐ. ஆப்பில் ‘ஆட்டோபே’ பகுதிக்குப் போய் அந்த அனுமதியை இன்றே ரத்து செய்யுங்கள். கார்டு என்றால் வங்கியில் சொல்லி நிறுத்தலாம். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அப்படி வந்ததா என்று பழைய எஸ்.எம்.எஸ்.களைத் தேடிப் பாருங்கள்.

அடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். 2020-இன் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அசையாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும் நீங்கள் கோவையிலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். ‘நோ ரீஃபண்ட்’ என்று அவர்களாக எழுதிக்கொண்டது ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. சொன்ன சேவையைச் சரியாகக் கொடுத்தார்களா என்பதைத்தான் அங்கே பார்ப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆதாரம் என்று முழு சாட்டையும் இணைத்துவிடாதீர்கள். வழக்குக் கோப்பு பல கை மாறும். விளம்பரத்தில் ‘அன்லிமிடெட்’ என்றிருந்த பக்கம், பதில் வந்த தேதிகள், கவுன்சலர் மாறிய அறிவிப்பு, பணம் போன விவரம் இருந்தால் போதும். மேலாளரைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளைக் கறுப்படித்துவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் சொல்வது ரகசியமாக இருக்குமா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: கவுன்சலர் காப்பார். கம்பெனி காக்குமா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் பெரிய கவுன்சலிங் நிறுவனமான பெட்டர்ஹெல்ப், ரகசியம் காப்போம் என்று சொல்லிவிட்டு, வாடிக்கையாளர்களின் மெயில் முகவரி போன்றவற்றை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட்டுக்குக் கொடுத்தது. அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023-இல் 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. அதனால் தனி மெயில் ஒன்றைத் தொடங்கிப் பதிவு செய்யுங்கள். காண்டாக்ட்ஸ், லொகேஷன் அனுமதி கேட்டால் கொடுக்க வேண்டாம். பேசுவதைப் பதிவு செய்கிறார்களா என்பதை முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஹாஸ்டலில் இருக்கும் என் மகளுக்கு 21 வயது. ஆன்லைன் கவுன்சலிங்குக்கு மாதாமாதம் நான்தான் பணம் கட்டுகிறேன். என்ன பேசினாள் என்ற விவரத்தைத் தர மறுக்கிறார்கள். பணம் கட்டுபவருக்கு உரிமை இல்லையா?
– ஒரு தந்தை, சேலம்

பதில்: ரசீது கேட்க உரிமை உண்டு. அதில் தேதியும் தொகையும் இருக்கும். பேசியது அவளுடையது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த ரகசியத்தைச் சிகிச்சை பெறுபவரின் உரிமை என்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைகளில் மட்டுமே அதற்கு விலக்கு. கேட்டவுடன் தூக்கிக் கொடுத்திருந்தால்தான், இடத்தை மாற்றுங்கள் என்று நான் சொல்லியிருப்பேன்.