'ஐ ஆம் கோ' என்று சொல்லும் பிள்ளைகளுக்கு என்ன பயிற்சி கொடுப்பது?

கேள்வி: இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன். இப்போது வீட்டுத் திண்ணையிலேயே மாலை வகுப்பு எடுக்கிறேன். 6, 7-ஆம் வகுப்புப் பிள்ளைகள். 12 டென்ஸ் பெயரையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் 'ஐ ஆம் கோ டு ஸ்கூல்', 'ஹி இஸ் நாட் கம்' என்கிறார்கள். கிராமர் புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து நடத்தட்டுமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான். டென்ஸ் அட்டவணையை எத்தனை முறை நடத்தினாலும் அது அசையாது.

நம் பிள்ளைகள் முதலில் படிக்கும் ஆங்கில வாக்கியமே 'ஐ ஆம் எ பாய்', 'ஐ ஆம் எ கேர்ள்' வகைதான். அதில் 'ஐ'யும் 'ஆம்'மும் ஒட்டிக்கொண்டு, 'நான்' என்றாலே 'ஐ ஆம்' என்று பதிந்துவிடுகிறது. 'ஹி இஸ்' கதையும் இதுதான். பிறகு பின்னால் எந்த வினையைச் சேர்த்தாலும் அவர்கள் காதுக்குத் தப்பாகப் படாது. தமிழில் யோசித்தாலும் வழி கிடைக்காது. 'அவர் டாக்டர்' என்பதில் வினையே இல்லை. 'டாக்டர் இல்லை', 'வருவதில்லை' இரண்டுக்கும் நமக்கு ஓர் 'இல்லை' போதும். ஆங்கிலத்தில் ஒன்று 'இஸ் நாட்', மற்றது 'டஸ் நாட்'.

ஆகவே முதல் வாரம் பிரித்துப் பார்ப்பது மட்டுமே வேலை. அதையும் தமிழிலேயே செய்யுங்கள். நீங்கள் ஒரு வாக்கியம் சொல்ல, அதில் யாராவது ஏதாவது செய்கிறார்களா என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். 'அப்பா லுங்கி நெய்கிறார்': செய்கிறார். 'தங்கச்சி குட்டை': ஒன்றும் செய்யவில்லை, அது 'இஸ்' பக்கம். 'கோட்டை வேலூரில் இருக்கிறது' என்றதும் சண்டை வரும், வரட்டும். கோட்டை எதுவும் செய்யவில்லை, சும்மா இருக்கிறது, அதுவும் 'இஸ்'தான். 'பாலாற்றில் தண்ணீர் இல்லை' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் பெரும்பாலான மாதங்களுக்குப் பொருந்தும் வாக்கியம்! 'எனக்கு ரெண்டு தம்பி' மாதிரியானவற்றை இப்போது எடுக்காதீர்கள். அது 'ஹேவ்' கணக்கு, தனியாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது அட்டை விளையாட்டு. பழைய காலண்டர் அட்டையை வெட்டி 'த டிரெய்ன்', 'ஸ்டாப்', 'எஸ்', 'அட் காட்பாடி' என்று எழுதி, ஆளுக்கொன்று கொடுத்து வரிசையாக நிற்க வையுங்கள். 'எஸ்' பிள்ளை 'ஸ்டாப்' தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தமிழில் வருகிறேன், வருகிறாய், வருகிறான் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாறுகிறதே, ஆங்கிலத்தில் இந்த ஓர் 'எஸ்' மட்டும்தான் என்று சொல்லிப் பாருங்கள், முகத்தில் நிம்மதி தெரியும். இனி 'நிற்பதில்லை' என்று மாற்ற வேண்டும். 'டூ', 'நாட்' இருவரும் உள்ளே வருகிறார்கள். உடனே 'எஸ்' தன் இடத்தை விட்டு ஓடி 'டூ'வைப் பிடிக்கிறது, அது 'டஸ்' ஆகிறது (எழுதும்போது நடுவில் ஓர் 'இ' சேரும்). 'ஸ்டாப்' வெறுங்கையோடு நிற்கிறது: 'த டிரெய்ன் டஸ் நாட் ஸ்டாப் அட் காட்பாடி'. கேள்வியாக்க, 'நாட்' உட்கார்ந்துவிட வேண்டும், 'டஸ்' ஜோடி வரிசையின் முன்னால் போய் நிற்க வேண்டும்.

பிறகு 'த ஃபோர்ட் இஸ் இன் வேலூர்'. இதற்கு 'டூ' எழுந்து வந்தால் திருப்பி அனுப்புங்கள். 'இஸ்' தானே முன்னால் போகும், 'நாட்'டையும் தானே சேர்த்துக்கொள்ளும். 'டூ' எப்போது தேவை, எப்போது தேவையில்லை என்று கால்களால் நடந்து பார்த்த பிள்ளை 'ஹி இஸ் நாட் கம்' என்று சொல்வது தானாகவே குறையும்.

இதையும் பல்லவி மாதிரி ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார்கள், கவனம். பதில் தெரியாத கேள்வி கேட்டால்தான் மொழி அசலாக வேலை செய்யும். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ப்பக்கத்தில் கத்தரிக்காயே பிடிக்காத பிள்ளைகள் எத்தனை பேர் என்று அவர்களையே கணக்கெடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் நாலு பேரிடம் 'டூ யூ லைக் பிரிஞ்சால்?' என்று கேட்டு, குறித்துக்கொண்டு வந்து உங்களிடம் சொல்ல வேண்டும். கேட்டது 'யூ', பதில் 'ஐ', உங்களிடம் சொல்வது 'ஷி லைக்ஸ்' அல்லது 'ஷி டஸ் நாட் லைக்'. ஒரே விளையாட்டில் மூன்றும் மாறுகின்றன. அடுத்த நாள் பிரியாணி, அதற்கடுத்து மாட்டுப்பால் கறப்பது, சைக்கிள் ஓட்டுவது என்று வினையை மாற்றினால் போதும். கேட்டறிந்ததில் ஐந்து வாக்கியத்தை நோட்டில் எழுத வையுங்கள்.

திருத்தும்போது 'எ', 'த' விட்டுப்போனால் கண்டுகொள்ளாதீர்கள், அதற்கு வருஷங்கள் இருக்கின்றன. 'டூ', 'இஸ்', 'எஸ்' இவை மூன்றை மட்டும் பிடியுங்கள். அதையும் பேசி முடித்த பிறகு. 'ஷி நாட் லைக்' என்று பிள்ளை சொன்னால், 'ஓ, ஷி டஸ் நாட் லைக்?' என்று நீங்கள் ஆச்சரியப்பட்டுக் கேட்டாலே அது திருத்தம்தான்.

'போகிறேன்' என்பது தமிழில் தினமும் போவதற்கும் இப்போது போய்க்கொண்டிருப்பதற்கும் பொது. அதனால் தினமும் நடப்பவற்றை மட்டும் வைத்துச் சில வாரம் ஓட்டுங்கள். 'கோயிங்' பிறகு வரட்டும். டென்ஸ் எல்லாம் எப்போது முடியும் என்று பெற்றோர் கேட்பார்கள். பரீட்சைக்கு வேண்டிய பாடப் பயிற்சிகளை வாரத்தில் ஒரு நாள் தனியாகச் செய்துவிடுங்கள், அந்தக் கவலை தீரும்.

இறந்தகாலத்துக்குப் போகும்போது அதே அட்டைகளை எடுங்கள். 'டிட்' உள்ளே வந்ததும் 'வென்ட்' தன் அட்டையைத் திருப்பி 'கோ' ஆகிவிட வேண்டும். அட்டையின் இரண்டு பக்கமும் எழுதி வைத்திருங்கள். யாராவது 'டிட் நாட் வென்ட்' என்றால் விளக்கம் சொல்ல வேண்டாம், அந்த அட்டையை அவர்கள் கையிலேயே கொடுத்து வரிசையில் நிற்க வையுங்கள்.