ஷிம்மல்மான் ஜெர்மானியரா, டென்மார்க்காரரா?

கேள்வி: ஹாம்பர்க்கில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பக்கத்து ஊரான ஆரென்ஸ்பர்க்கில் உள்ள அரண்மனையைப் பார்க்கப் போகிறோம். அதை வாங்கி வாழ்ந்த ஷிம்மல்மானைச் சிலர் ஜெர்மன் வியாபாரி என்கிறார்கள், சிலர் டென்மார்க் நிதியமைச்சர் என்கிறார்கள். எது சரி? அங்கே எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இரண்டும் சரிதான். ஹைன்ரிஷ் கார்ல் ஷிம்மல்மான் 1724-இல் வட ஜெர்மனியில், பொமெரேனியாவின் டெம்மின் ஊரில், வணிகர் வீட்டில் பிறந்தவர். ஏழாண்டுப் போரில் பிரஷ்யப் படைக்குச் சரக்கு சப்ளை செய்தார். பிரஷ்யா கைப்பற்றிய, சாக்சனியின் பேர்பெற்ற மைசன் பீங்கான் கிடங்கை அப்படியே வாங்கி விற்றதில் கொழுத்த லாபம். அப்புறம் 1759-இல் ஆரென்ஸ்பர்க் பண்ணையை வாங்கினார். அது இருக்கும் ஹோல்ஸ்டைனில் பேச்சு ஜெர்மன். ஆனால் டென்மார்க் மன்னர்தான் அதற்குக் கோமகனும். (அன்று தரங்கம்பாடிக் கோட்டையில் பறந்ததும் அவர் கொடிதான்.) ஆகவே ஒரு ஜெர்மானியர் கோபன்ஹேகன் கஜானாவுக்குப் பொறுப்பேற்றதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. 1762-இல் பாரன், 1779-இல் கவுண்ட் பட்டம்.

என்னைக் கேட்டால், அவர் எந்த நாட்டவர் என்பதைவிடப் பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1763-இல் கரீபியக் கடலில் உள்ள டேனிஷ் (டென்மார்க்கின்) மேற்கிந்தியத் தீவுகளில் அரசுக்குச் சொந்தமான கரும்புத் தோட்டங்களையும், கோபன்ஹேகனில் இருந்த சர்க்கரை ஆலையையும் வாங்கினார். ஹாம்பர்க்கை ஒட்டிய வாண்ட்ஸ்பெக்கில் அச்சிட்ட பருத்தித் துணி, டென்மார்க்கின் ஹெலெபெக் ஆலைத் துப்பாக்கி, சாராயம் எல்லாம் ஆப்பிரிக்காவின் தங்கக் கரைக்கு (இன்றைய கானா) போகும். அங்கே ஏற்றும் அடிமைகள் தீவுகளுக்குப் போவார்கள். கப்பல் சர்க்கரையோடு ஊர் திரும்பும். ஒவ்வொரு கட்டத்திலும் லாபம் ஒரே ஆளுக்கு! அவர் தோட்டங்களில் உழைத்த அடிமைகள் ஏறத்தாழ ஆயிரம் பேர். 1792-இல் டென்மார்க் அடிமை வணிகத்தைத் தடை செய்ய முன்னின்றவர் அவர் மகன் எர்ன்ஸ்ட். தடை நடைமுறைக்கு வந்தது 1803-இல்தான். தோட்டங்களில் அடிமைமுறையும் அதோடு ஒழியவில்லை.

அரண்மனை அவர் கட்டியதல்ல. அகழி சூழ்ந்த, நான்கு மூலையிலும் கோபுரம் வைத்த அந்த வெள்ளைக் கட்டடம் 16-ஆம் நூற்றாண்டில் ரான்ட்ஸாவ் குடும்பம் எழுப்பியது. உள்ளே அலங்கார அறைகளைப் பார்க்கும்போது மேலே சொன்ன கணக்கையும் நினைவில் வையுங்கள்.

நேரம் இருந்தால் யூ1 ரயிலில் வாண்ட்ஸ்பெக் மார்க்ட் நிலையத்தில் இறங்குங்கள். தேவாலயத்தை ஒட்டி அவருடைய கல்லறை மண்டபம் இருக்கிறது. வாண்ட்ஸ்பெக்கிலும் அவருக்கு ஓர் அரண்மனை இருந்தது; அது இப்போது இல்லை, 1861-இல் இடித்துவிட்டார்கள். 2006-இல் அங்கே வைத்த அவருடைய மார்பளவுச் சிலையும் எதிர்ப்பு கிளம்பி 2008-இல் அகற்றப்பட்டது. அதைத் தேடி அலைய வேண்டாம்.