லிங்கன் 1776-ஐ எப்படிப் படிச்சார்?

கேள்வி: லிங்கனோட அடிமை ஒழிப்புச் சிந்தனை பத்தி ஒரு லெக்சர் கேட்டேன் சார். அவருக்கு எல்லாமே 1776 சுதந்திரப் பிரகடனத்துல இருந்துதான் வந்துச்சுன்னு பேசினவர் சொன்னார். ஆனா அதுல "எல்லா மனிதரும் சமம்"னு எழுதின ஜெஃபர்சனே வாழ்நாள்ல 600 பேருக்கு மேல அடிமையா வச்சிருந்தவராச்சே, அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு?

பதில்: உங்க கோபம் நியாயமானதுதான். இதே கேள்வி அப்பவே பெரிய சண்டையா ஓடிச்சு. 1857-ல, விடுதலை கேட்டு வழக்கு போட்ட ட்ரெட் ஸ்காட்ங்கிற அடிமையோட வழக்குத் தீர்ப்புல, அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி டானி, "எல்லா மனிதரும் சமம்"ங்கிறதுல கறுப்பின மக்கள் சேர்த்தியே இல்லைன்னு எழுதிட்டார். அந்த ஜூன்லயே ஸ்பிரிங்ஃபீல்ட்ல லிங்கன் பதில் சொன்னார், எனக்கு அவர் பேச்சுலயே ரொம்பப் பிடிச்ச இடம் இது: பிரிட்டன்கிட்ட இருந்து பிரியறதுக்கு அந்த வரி தேவையே படல, பின்னாடி வர்ற காலத்துக்காகத்தான் அதை வச்சாங்க, அன்னிக்கு எல்லாரும் சமமா இருந்தாங்கன்னு அவங்க சொல்லல, உரிமைய அறிவிச்சு வச்சாங்க, நிலைமை இடம் குடுக்கக் குடுக்க அதை நிறைவேத்தணும்னு. அதாவது எழுதினவங்க எப்படி வாழ்ந்தாங்கங்கிறத வச்சு அவர் அந்த வரிய அளக்கல, அந்த வரிய வச்சு நாட்டை அளந்தார்.

அரசியல் சாசனத்தையும் அப்படித்தான் படிச்சார். மூல சாசனத்துல "அடிமை"ங்கிற சொல்லே கிடையாது, சுத்தி வளைச்சுதான் எழுதியிருப்பாங்க. 1854-ல பியோரியாவுல இதைச் சொல்லும்போது, உடனே அறுத்தா ரத்தம் போயே செத்துடுவோமோன்னு பயந்து ஒருத்தன் தன் உடம்புல இருக்கற புற்றுநோய்க் கட்டிய மறைச்சு வைக்கிற மாதிரின்னார். வெட்கப்பட்டதாலதான மறைச்சாங்க!

கேள்வி: லிங்கன் போட்ட 1863 அடிமை விடுதலைப் பிரகடனத்தோட எல்லாருக்கும் விடுதலை கிடைச்சிடுச்சா?

பதில்: இல்லைங்க. உள்நாட்டுப் போர்ல நாட்டை விட்டுப் பிரிஞ்சு கிளர்ச்சி பண்ணின தென் பகுதிகளுக்கு மட்டும்தான். அடிமை முறை இருந்தும் பிரியாம யூனியன்ல, அதாவது லிங்கன் அரசாங்கத்தோட, இருந்த கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேர் எல்லாம் அதுல வரல, ஏன்னா போர்க்கால அதிகாரத்துல போட்ட உத்தரவு அது. நாடு முழுக்க ஒழிச்சது 1865 டிசம்பர்ல உறுதியான 13-வது அரசியல் சாசனத் திருத்தம்.

கேள்வி: அவரே ரெண்டு இனமும் சமமில்லைன்னு பேசியிருக்கார்ங்கறாங்களே?

பதில்: பேசியிருக்கார், மறைக்கக் கூடாது. 1858 செப்டம்பர்ல இல்லினாய்ஸ் சார்ல்ஸ்டன்ல, செனட் தேர்தல்ல அவருக்கு எதிரா நின்ன டக்ளஸோட நடந்த விவாதத்துல, கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை குடுக்கறதுக்குக்கூட நான் ஆதரவு இல்லைன்னார். படிக்கவே கஷ்டமா இருக்கும். ஆனா அதே வருஷம் ஒட்டாவா விவாதத்துல, தான் உழைச்சு சம்பாதிச்ச ரொட்டிய யாரையும் கேக்காம திங்கற உரிமையில கறுப்பின மனுஷன் எனக்கும் சமம், டக்ளஸுக்கும் சமம்னு அவரே சொல்லியிருக்கார். நின்ன இடத்துலயே அவர் நின்னுடவும் இல்ல. 1865 ஏப்ரல் 11-ல வெள்ளை மாளிகையில பேசும்போது, ரொம்ப அறிவுள்ள கறுப்பின ஆண்களுக்கும் போர்ல சண்டை போட்டவங்களுக்கும் ஓட்டு குடுக்கறதுதான் தனக்கு விருப்பம்னு வெளிப்படையா சொன்னார். அந்தக் கூட்டத்துல ஜான் வில்க்ஸ் பூத்ங்கிற நடிகனும் நின்னு கேட்டுட்டிருந்தான், மூணே நாள்ல அவரைச் சுட்டான்.