ஸ்பேரில் உட்கார்ந்த நேரமும் வேலைதானே?

கேள்வி: பாண்டியன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்தில் கண்டக்டராகச் சேர்ந்து, முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரே மகள். தனியார் விமான நிறுவனம் ஒன்றில் மூன்று வருடமாகக் கேபின் க்ரூ, அதாவது விமானப் பணிப்பெண். சென்னையில்தான் பேஸ். சித்திரைத் திருவிழாவுக்காக இரண்டு நாள் ஆஃப் வாங்கி வந்திருந்தாள். தல்லாகுளத்தில் எதிர்சேவை பார்த்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, ரோஸ்டர், அதாவது டூட்டி அட்டவணை, மாறிவிட்டது என்று போனில் செய்தி வந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்காமலே ராத்திரி பஸ் ஏறிவிட்டாள். ‘பறக்கிற நேரத்துக்குத்தான் படி, தரையில் நிற்கிறதுக்கு ஒன்றும் கிடையாதுப்பா’ என்று சொல்லி அழுதாள். கூட வேலை பார்க்கிறவர்கள் சங்கத்தில் சேரக் கூப்பிடுகிறார்களாம். நான் சங்கக் கொடி பிடித்தவன்தான். ஆனாலும் மகள் என்றதும் மனசு பதறுகிறது. தனியார் கம்பெனி, வேலையை விட்டுத் தூக்கிவிட்டால் என்ன செய்வது? அவள் சேரலாமா? இல்லை, நானே சென்னைக்குப் போய் மேனேஜரிடம் பேசிப் பார்க்கட்டுமா?
– ஓய்வு பெற்ற கண்டக்டர், திருநகர்

பதில்: ஐயா, சேரட்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நீங்களும் பாதி அப்படித்தான் நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. மீதிப் பாதியில் இருக்கும் பயம் தப்பில்லை. தான் பட்ட அடியைப் பிள்ளை படக்கூடாது என்று நினைக்காத அப்பா உண்டா? ஆனால் இந்த வேலையில் உங்கள் மகள் தனியாக இருப்பதுதான் அதிக ஆபத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அவள் சொன்ன சம்பளக் கணக்கைப் பார்ப்போம். பல விமான நிறுவனங்களில் க்ரூவுக்கு மாதம் ஒரு நிலையான தொகை உண்டு. அதற்கு மேல் பறந்த மணிக்கு இவ்வளவு என்று ஒரு படி. இந்த ‘பறந்த மணி’ என்பது, விமானம் நின்ற இடத்தைவிட்டு அசைந்த நிமிடத்தில் தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் நின்றதும் முடிந்துவிடும். பயணிகளை ஏற்றுவது, பெட்டியை மேலே தூக்கி வைக்க உதவுவது, சக்கர நாற்காலியில் வரும் பாட்டியைக் கைத்தாங்கலாக உட்கார வைப்பது, இறங்கிய பின் சீட்டு சீட்டாகப் பார்த்து வருவது எல்லாம் விமானம் நிற்கும்போது நடப்பவை. அந்தப் படிக் கணக்கில் அவை வராது.

ஒரு ஊரிலிருந்து கிளம்பி இன்னொரு ஊரில் இறங்குவது ஒரு செக்டர். சென்னை–மதுரை மாதிரி சின்னச் சின்ன செக்டரில்தான் இது அதிகம் வலிக்கும். ஒரு நாளைக்கு நான்கு செக்டர், ஒவ்வொன்றும் 75 நிமிடம் என்று வையுங்கள். படிக்குக் கணக்கு 5 மணி நேரம். முதல் விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் ரிப்போர்ட், நடுவில் மூன்று முறை தலா 40 நிமிடம் தரையில், கடைசியில் ஒரு அரை மணி என்று சேர்த்தால் வேலை பார்த்தது எட்டரை மணி நேரம். நடுவில் எங்காவது மூடுபனியோ தாமதமோ வந்தால் அதுவும் தரைக் கணக்கில்தான் சேரும். பயணிகளின் கோபத்தைக் கேட்டுக்கொண்டு சிரித்த முகத்தோடு நிற்பது அந்த நேரத்தில்தான்.

ஸ்டாண்ட்பை என்பதும் உங்களுக்குப் புதிதில்லை. டிப்போவில் வண்டி ஒதுக்கப்படாமல் ஸ்பேராக உட்கார்ந்திருக்கிறீர்கள் அல்லவா? வண்டி கிடைக்காமல் போனாலும் டைம் கீப்பர் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கவேண்டும், வீட்டுக்குப் போக முடியாது. அது ஓய்வா? யூனிபார்ம் போட்டுக் கொண்டை போட்டு, கூப்பிட்டால் கிளம்பத் தயாராக இருக்கும் உங்கள் மகளுக்கும் அது ஓய்வு இல்லை. ஸ்பேரும் டூட்டிதான் என்று எழுதி வாங்க உங்கள் பக்கம் ஆட்கள் இருந்தார்கள். அவள் பக்கம் இன்னும் யாரும் இல்லை, அதுதான் வித்தியாசம்.

இனி ஒன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். இதில் பலர் குழம்பிப் போய்த் தப்பான கதவைத் தட்டுகிறார்கள். ஒரு நாளில் எவ்வளவு நேரம் டூட்டி போடலாம், இரண்டு டூட்டிக்கு நடுவில் எவ்வளவு ஓய்வு தரவேண்டும் என்பதற்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின், அதாவது டிஜிசிஏவின், விதிகள் உண்டு. அவை பாதுகாப்புக்கானவை. களைத்துப்போன க்ரூவால் ஆபத்து நேரத்தில் பயணிகளை வெளியேற்ற முடியாது என்பதால் வந்தவை. ஓய்வு நேரம் குறைந்திருந்தால் அங்கே புகார் செய்யலாம். சம்பளம், ஆஃப் ரத்து, தரை நேரத்துக்கான படி இவையெல்லாம் டிஜிசிஏ பார்க்கிற விஷயம் இல்லை. அதற்கு நிர்வாகம், அப்புறம் மத்திய அரசின் தொழிலாளர் ஆணையர். விமானச் சேவை மத்திய அரசின் வரம்பில் வருவதால் மாநிலத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். உங்கள் மகளின் ஆஃப் பறிபோனது எந்தக் கணக்கு? ஓய்வு விதி மீறப்படாமலே ஆஃப் ரத்தாகலாம். அப்படியென்றால் அது பேசித் தீர்க்கவேண்டிய விஷயம். இத்தனை ஊழியர்கள் உள்ள கம்பெனியில் ஒற்றை ஆள் போய்ப் பேசினால் என்ன பதில் வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

விதிகளும் தானாக மாறுவதில்லை. விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியானது சும்மா வந்ததல்ல, அவர்களுடைய சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனதும் அதற்கு ஒரு காரணம். கேபின் க்ரூவுக்கான விதி தனி. அதைக் கேட்டு வாங்கவும் ஆள் வேண்டும்.

நீங்கள் இருக்கும் திருநகருக்குப் பக்கத்திலேயே ஹார்விபட்டி இருக்கிறது. மில் தொழிலாளர்களுக்காக ஹார்வி கம்பெனி கட்டிய குடியிருப்பு. அதே ஹார்வி கம்பெனியின் தூத்துக்குடி கோரல் மில்லில் 1908-இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர்களோடு நின்றார்கள். கேட்டது என்ன? கூலி உயர்வு, வார விடுமுறை, வேலை நேரம் குறைய வேண்டும். சில நாட்களிலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. நூறு வருடம் கழித்து, நூல் மில்லுக்குப் பதிலாக விமானத்தில் நிற்கும் பெண் கேட்பதும் அதேதான் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

தரை நேரத்துக்குச் சம்பளம் என்பது நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கனடாவில் 2025 ஆகஸ்ட் 16 அன்று ஏர் கனடாவின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட க்ரூ வேலையை நிறுத்தினார்கள். அரசு தலையிட்டு வேலைக்குத் திரும்பச் சொல்லியும் அசையவில்லை. மூன்றே நாளில் உடன்பாடு வந்தது. தரையில் வேலை பார்க்கும் நேரத்துக்கு, மணிச் சம்பளத்தில் பாதியிலிருந்து தொடங்கிப் படி தருவதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவின் டெல்டா நிறுவனத்தில் க்ரூவுக்குச் சங்கம் இல்லை. அங்கேயே 2022-இல் பயணிகளை ஏற்றும் நேரத்துக்குப் பாதிச் சம்பளம் கொடுக்கத் தொடங்கினார்கள். அப்போது அங்கே சங்கம் அமைக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். சங்கம் வைப்பது அரசியல் சட்டம் தந்த உரிமை, பிரிவு 19-இல் இருக்கிறது. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரைப் பழிவாங்குவது சட்டப்படி நியாயமற்ற தொழில் நடைமுறை. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறு சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது, அதிலும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. அதற்காக வேலையை விட்டு எடுக்கவே மாட்டார்கள் என்று உங்களுக்குச் சொன்னால் அது பொய். எடுப்பார்கள், எடுத்திருக்கிறார்கள். ஆனால் எடுத்த பிறகு என்ன நடந்தது என்பதையும் பாருங்கள்.

2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் நிறையக் கேபின் க்ரூ ஒரே நேரத்தில் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். விமானங்கள் ரத்தாயின. சுமார் 25 பேருக்கு வேலை நீக்கக் கடிதம் போனது. மே 9 அன்று டெல்லியில் தொழிலாளர் ஆணையர் முன்னால் சங்கமும் நிர்வாகமும் உட்கார்ந்தன. அன்றைக்கே அந்தக் கடிதங்களைத் திரும்பப் பெற நிர்வாகம் சம்மதித்தது, இவர்களும் வேலைக்குத் திரும்பினார்கள். சங்கம் என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் அந்த 25 பேரும் ஆளுக்கொரு வக்கீலைத் தேடி அலைந்திருப்பார்கள்.

ஆனால் உங்கள் மகளிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ‘எல்லாரும் சேர்ந்து லீவு போடுவோம்’ என்று வாட்ஸப் குரூப்பில் யாராவது கிளப்பினால், சங்கத்தின் முறையான முடிவு இல்லாமல் அதில் இறங்கக் கூடாது. புதிய சட்டத்தில் பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சொல்லிவைத்துக் கேஷுவல் லீவு எடுத்தால் அதுவே வேலைநிறுத்தம். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆணையர் முன்னால் பேச்சு நடக்கும்போது வேலையை நிறுத்தவும் கூடாது. உங்கள் காலத்தைவிட இப்போது கயிறு இறுக்கம். கோபம் வந்த ராத்திரியில் எடுத்த முடிவு மூன்று வருட வேலையைத் தின்றுவிடும்.

இப்போது அவள் செய்யவேண்டியது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை. வே பில் எழுதிய கை அல்லவா உங்களுடையது! எந்த ஸ்டேஜில் எந்த நம்பர் டிக்கெட் என்று ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதினீர்களே, அதே மாதிரி ஒரு நோட்டு. தேதி, ரோஸ்டரில் முதலில் போட்டது என்ன, மாற்றியது எப்போது, ரிப்போர்ட் எத்தனை மணிக்கு, விமானம் அசைந்தது எத்தனை மணிக்கு, விடுவித்தது எத்தனை மணிக்கு. ரோஸ்டர் ஆப்பில் மாற்றியதும் பழையது காணாமல் போய்விடும். வந்தவுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளட்டும். பயணிகள் விவரமோ கம்பெனி ரகசியமோ எதுவும் அதில் வரக்கூடாது, தன்னுடைய டூட்டி மட்டும். சம்பளச் சீட்டும் வேலைக்கு எடுத்த கடிதமும் பயிற்சிக்குப் போட்ட பாண்டும் ஒரு பிரதி உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும். வீட்டு லோன் பத்திரம் மாதிரி பத்திரமாக.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடம் முன்னால் ஒரு பெண் என்னிடம் வந்தாள். வேறு தொழில், ஆனால் இதே மாதிரி நேரக் கணக்குத் தகராறு. ‘தினமும் ரெண்டு மணி நேரம் கூடுதலாக வேலை வாங்கினார்கள்’ என்றாள். எந்தெந்த நாள் என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது. அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று எனக்குத் தெரியும். காகிதத்தில் ஒரு வரி கிடையாது. கூடவே வந்த இன்னொரு பெண் மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் நேரம் குறித்து வைத்திருந்தாள், எண்ணெய்க் கறையோடு. அந்த நோட்டை வைத்துத்தான் பேச்சு நடந்தது, இரண்டு பேருக்கும் சேர்த்தே பணம் வந்தது.

சேரும் முன்னால் அந்தச் சங்கத்தைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். பதிவு பெற்றதா, வரவு செலவு காட்டுகிறார்களா, பொறுப்பில் கேபின் க்ரூ பெண்கள் இருக்கிறார்களா, நிர்வாகம் அவர்களோடு பேசுகிறதா? புதிய சட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருந்தால், 51 சதவீத ஊழியர்கள் உறுப்பினராக உள்ள சங்கம்தான் பேசும் உரிமை பெறும். அப்படி எதுவும் இல்லாவிட்டால் 20 சதவீதத்துக்குக் குறையாத சங்கங்கள் சேர்ந்த குழு பேசும். அதனால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் எடை உண்டு. சேரத் தயக்கமாகவே இருந்தால் அதுவரை இன்னொரு வழியும் இருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்கவேண்டும், அதில் ஊழியர் தரப்புக்குப் பாதி இடம். ஆஃப் ரத்தான விஷயத்தை அங்கே எழுத்தில் கொடுக்கலாம்.

அப்புறம் நீங்கள் சென்னைக்குப் போவது. வேண்டாம் ஐயா. நீங்கள் வேலையில் இருந்தபோது உங்கள் அப்பா வந்து கிளை மேலாளர் அறை வாசலில் நின்றிருந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ராத்திரி பஸ்ஸில் தனியாகப் போய் மறுநாள் டூட்டிக்கு நின்ற பெண் அவள். அவளுக்காகப் பேச சக ஊழியர்கள் தேவை, அப்பா வேறு வகையில் தேவை. முப்பது வருடத்தில் நீங்கள் பார்த்த பேச்சுவார்த்தைகள், தோற்ற போராட்டங்கள், எங்கே அவசரப்பட்டீர்கள் என்பதையெல்லாம் அவளிடம் பேசியிருக்கிறீர்களா? கடிதத்தைப் படித்தால் பேசவில்லை என்றுதான் தோன்றுகிறது. அடுத்த முறை வரும்போது பேசுங்கள்.

சங்கத்தின் விதிப்புத்தகம் அவள் கைக்கு வந்ததும் ஒரு பிரதி எனக்கு அனுப்புங்கள். வேலைக்கு எடுத்த கடிதத்தில் ஆஃப், ஸ்டாண்ட்பை பற்றி எழுதியிருக்கும் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினால், இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.