பிள்ளைகள் சொன்னதைக் கேட்கப் போகும் அப்பாவுக்கு

கேள்வி: நானும் மனைவியும் பிரிந்து இருக்கிறோம். மத்தியஸ்தத்தில் ஓர் உளவளத்துணையாளர் மகளோடும் (11) மகனோடும் தனியாகக் கதைத்தார். அடுத்த கிழமை எங்கள் இருவருக்கும் சொல்லப் போகிறாராம். என்ன சொன்னீர்கள் என்று பிள்ளைகளிடம் முதலே கேட்கலாமா?
– ஒரு தகப்பன், சுன்னாகம்

பதில்: கேட்க வேண்டாம், தம்பி. எதைப் பெற்றோரிடம் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளிடம் கேட்டுத்தான் அவர் வருவார். சொல்ல வேண்டாம் என்றதைச் சொல்ல மாட்டேன் என்று அவர் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வாக்கு, ஆபத்து ஏதும் தெரிந்தால் மட்டும் பொருந்தாது. நீங்கள் துருவினால், அடுத்த முறை அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

யாரோடு இருக்க விருப்பம் என்ற கேள்விக்குப் பதில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்படிக் கேட்பதே பிழை. பிள்ளைகள் பெரும்பாலும் சின்ன விஷயங்களைத்தான் சொல்வார்கள். ரியூசன் வாசலில் அப்பாவும் அம்மாவும் முகம் பாராமல் நிற்பது, அப்பம்மா அம்மாவைத் திட்டுவது, சனிக்கிழமை கொப்பி மற்ற வீட்டில் கிடப்பது. இவற்றை நீங்கள் இருவரும் நாளைக்கே திருத்தலாம்!

அடுத்த கிழமை அவர் சொல்லும்போது மறுத்துப் பேசாமல் குறித்துக்கொள்ளுங்கள். மனைவி சொல்லிக்கொடுத்தது என்று தோன்றினாலும் பொறுங்கள். தங்களைப் பற்றிய முடிவுகளில் கருத்துச் சொல்லும் உரிமையை 1989ஆம் ஆண்டு ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை பிள்ளைகளுக்குத் தருகிறது. தீர்மானிக்கும் பொறுப்பு உங்கள் இருவருடையது. இதை மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். பதினொரு வயதில் அந்தப் பாரம் அவளுக்கு வேண்டாம்.