என்ஜினை இறக்குவதற்கு முன்னால்: கடற்கரை பிக்கப் வண்டிக்காரர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகள் முக்கால்வாசி மண்டபத்திலிருந்து சாயல்குடி வரைக்கும் உள்ள கரையோரத்து ஆட்களுடையவை. பெரும்பாலும் பத்து வயது தாண்டிய டீசல் பிக்கப், குட்டியானை. "என்ஜினே டிஃபெக்ட், இறக்கினால்தான் சரியாகும்னு சொல்லிட்டாங்க" என்பதுதான் பாதிப் பேர் எழுதியிருப்பது. இந்தக் கரையில் இருபது வருஷத்துக்கு மேலாக டீசல் என்ஜின் பிரிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இறக்க வேண்டாத என்ஜினை இறக்கிக் கடன்பட்ட குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அண்ணே, தங்கச்சிமடத்திலிருந்து மதுரைக்கு மீன் லோடு அடிக்கிறேன். 2013 மாடல் பிக்கப். பாம்பன் பாலம் ஏறும்போதே ஹீட் முள் மேலே போகுது. ரெண்டு தடவை ஹெட் கேஸ்கட் மாத்தியாச்சு, நாலு மாசத்துல திரும்ப அதே கதை. என்ஜின் டிஃபெக்ட்டா?

தம்பி, ரேடியேட்டருக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று எழுதவே இல்லையே, நான் முதலில் கேட்பது அதைத்தான். நம் பக்கம் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, ஆனால் வண்டிக்கு மட்டும் அதையே குடம் குடமாக ஊற்றுகிறோம். போன மாதம் ஒரு பிக்கப்பின் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடுகிற பாகத்தை, கழற்றினேன். அதற்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் தகடுதான் கேஸ்கட். தண்ணீர் போகிற துவாரங்களில் சுண்டுவிரல் நுழைய வேண்டும், அதில் பென்சில் கூட நுழையவில்லை. உள்ளே வெள்ளையும் காவியுமாகக் கல் மாதிரி கட்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் உப்போடு சேர்ந்து அலுமினியமும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அப்படிப்பட்ட ஹெட்டில் எத்தனை புது கேஸ்கட் வைத்தாலும் நிற்காது.

இரண்டு தடவை கேஸ்கட் மாற்றினார்களே, ஒரு தடவையாவது ஹெட்டை லேத்துக்குக் கொண்டுபோய் மட்டம் பார்த்தார்களா, தண்ணீரில் அமுக்கிக் காற்றழுத்தம் கொடுத்து விரிசல் பார்த்தார்களா? ஒரு தடவை நன்றாகச் சூடேறிய ஹெட் வளைந்துவிடும். வளைந்த ஹெட்டின் மேல் கேஸ்கட் மாற்றுவது வீண் செலவு, அடுத்த முறை லேத்தில் பார்த்ததற்கான ரசீதைக் கையில் வாங்காமல் போல்ட்டை முறுக்க விடாதீர்கள்.

நீங்களே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரை வாய்வரை நிரப்பி, ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதலில் இரண்டு மூன்று குமிழி வந்து நின்றால் பரவாயில்லை, அது உள்ளே சிக்கியிருந்த காற்று. சோறு கொதிக்கிற மாதிரி விடாமல் குமிழி வந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். சூடான என்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துபோன டிரைவர்களை எனக்குத் தெரியும்.

குமிழி இல்லை என்றால் ஹெட்டை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது, அழுத்தம் இல்லாத தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். பெல்ட் தளர்ந்திருக்கலாம். ரேடியேட்டரின் வெளிப்பக்கம் உப்புப் படிந்து, மீன் செதிலும் புழுதியும் ஒட்டி அடைத்திருக்கலாம், அப்படியென்றால் என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக நல்ல தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள், வாட்டர் சர்வீஸ் கன்னை நேரே பிடித்தால் தகடெல்லாம் மடங்கிவிடும். அப்புறம் தெர்மோஸ்டாட், சூட்டைப் பார்த்து ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு. "ஹீட் ஆகுதுன்னு அதைக் கழட்டிப் போட்டுட்டேன்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நிறைய என்ஜின்களில் அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் சுற்றும், ஏற்றத்தில் சூடு இன்னும் கூடும். புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள்.

எல்லாம் சரிசெய்த பிறகு கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கூலன்ட் என்பது கொதிநிலையைக் கூட்டுவதற்கு மட்டும் இல்லை, துரு பிடிக்காமல் காப்பதும் அதுதான், நமக்கு அதுதான் முக்கியம். வழியில் தண்ணீர் குறைந்தால் ஊற்றுவதற்கு அதே கலவையில் ஒரு கேன் சீட்டுக்குப் பின்னால் எப்போதும் இருக்கட்டும்.

தடைக்காலம் முடிந்து வண்டியை எடுத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. புது பேட்டரி போட்டேன், செல்ஃப் மோட்டாருக்கும் வேலை பார்த்தேன். இப்போது பம்ப் போய்விட்டது என்கிறார்கள். (தொண்டி, குட்டியானை)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடல்காற்றில் வண்டி சும்மா நின்றிருக்கிறது. ஜூன் கடைசியில் என் பட்டறை வாசலில் வரிசை கட்டி நிற்பது இந்த மாதிரி வண்டிகள்தான்.

டீசல் பம்பைக் கழற்ற விடாதீர்கள். முதலில் எர்த். பேட்டரி நெகட்டிவிலிருந்து சேஸுக்கும், சேஸிலிருந்து என்ஜினுக்கும் போகிற பின்னல் பட்டை உப்பில் பச்சையாகப் பூத்து, பார்க்க முழுசாக இருந்தாலும் உள்ளே இற்றுப்போயிருக்கும். ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை என்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் மாட்டி செல்ஃப் அடித்துப் பாருங்கள். விறுவிறுவென்று சுற்றினால் கோளாறு அந்தப் பட்டையில்தான். தேவிபட்டினத்துத் தம்பி ஒருவர் உங்களைப் போலவே பேட்டரி, செல்ஃப் இரண்டுக்கும் செலவழித்துவிட்டு வந்தார். பட்டையை மாற்றி, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் பூசி அனுப்பினேன், வேறு ஒன்றுமே செய்யவில்லை.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் டீசல் லைனில் காற்று. ரப்பர் ஹோஸ் காய்ந்து வெடித்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்று மட்டும் உள்ளே போகும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டருக்கு முன்னால் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஒரு சாண் பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகச் சொருகி, கைப்பம்பை அடித்து ஏர் எடுத்துப் பாருங்கள், குமிழி ஓடுவது தெரியும். அடுத்த தடைக்காலத்துக்கு டேங்கை முழுக்க நிரப்பி நிறுத்துங்கள். பாதி டேங்க் காலியாக இருந்தால் உள்ளே ஈரம் வியர்த்துத் தண்ணீராகும். வாரம் ஒரு நாள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிடுங்கள், நின்ற இடத்தில் ஐந்து நிமிஷம் உறுமவிட்டால் மட்டும் போதாது.

கரி லோடு ஏற்றிக்கொண்டு போகும்போது என்ஜின் தானாகவே ரெய்ஸ் ஆனது, சாவியை எடுத்தும் நிற்கவில்லை, ஒரே புகை. பயத்தில் இறங்கி ஓடிவிட்டோம். (சாயல்குடி)

உயிர் பிழைத்ததே பெரிது ஐயா. என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் சீல் போய், என்ஜின் தன் ஆயிலையே காற்றோடு இழுத்து எரித்திருக்கிறது. டீசலை நிறுத்தினாலும் நிற்காது, ஆயில் தீரும்வரையோ உடையும்வரையோ ஓடும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுசாக மிதித்துக்கொண்டு, கிளட்சைச் சட்டென்று விடுங்கள், என்ஜின் திணறி நின்றுவிடும். அது முடியாதபோது காற்று உள்ளே போகும் வாயைப் பலகையாலோ மீன்பெட்டியின் கெட்டியான மூடியாலோ அடைக்க வேண்டும். கையாலும் துணியாலும் அடைக்கவே கூடாது, உள்ளே இழுத்துவிடும். என்ஜின் உச்சத்தில் அலறிக்கொண்டிருந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள், உடைந்த துண்டு எந்தப் பக்கமும் தெறிக்கும்.

கருவேலங்கரி தூள் ஏர் ஃபில்டரை வேகமாக அடைக்கும். ஃபில்டர் அடைபட்டால் டர்போ காற்றுக்குத் திணறும்போது சீல் வழியாக ஆயிலை இழுக்கும். கரி, உமி லோடு அடிக்கிறவர்கள் புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், பாதியிலேயே மாற்றிவிடுங்கள். டர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலால் துடைத்துப் பாருங்கள். லேசான பிசுக்கு இருக்கலாம், ஆயில் தேங்கி நிற்கக் கூடாது.

பிஎஸ்-6 டீசல் பழைய என்ஜினைக் கெடுக்குமா?

கெடுக்காது. 2020 ஏப்ரல் முதல் வரும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 10 பங்குதான், பிஎஸ்-4இல் 50 இருந்தது. கந்தகத்தை எடுக்கும்போது குறையும் வழுவழுப்பை மருந்து கலந்து ஈடுகட்டித்தான் விற்கிறார்கள். கெடுப்பது மண்ணெண்ணெய்க் கலப்படமும் பீப்பாயில் பல நாள் கிடந்த டீசலும்தான். படகுக்கு என்று சலுகையில் கொடுக்கும் டீசலை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படியும் தப்பு, கரையில் திறந்து மூடிய பீப்பாயில் தண்ணீர் சேர்ந்திருக்கும். காமன் ரெயில், அதாவது எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகிற வண்டியில் டீசல் 1,300 பாருக்கு மேல் அழுத்தத்தில் போகிறது. கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீர் போனால் பம்ப் தேய்ந்து இரும்புத் தூள் நாசில் வரை பரவும். அப்போது நாசிலை மட்டும் மாற்றினால் புதுசும் போய்விடும், டேங்க் முதல் லைன் வரை கழுவியாக வேண்டும். மாதம் ஒருமுறை ஃபில்டர் அடித் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிஷம் வையுங்கள், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும்.

நீலப் புகை வருகிறது, போர் போட்டே (சிலிண்டரைக் கடைந்தே) ஆக வேண்டுமா?

காலை ஸ்டார்ட்டில் மட்டும் வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல், சின்ன வேலை. எப்போதும் வந்து, ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங். கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாகிறது என்பதை, அளந்து நம்பர் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். நம்பர் இல்லாமல் போர் போட ஒத்துக்கொள்ளாதீர்கள்.

காக்கா (அண்ணே), ஏழெட்டு வருஷ வண்டி. இந்த மாடலில் எங்கள் ஊரில் நாலு பேருக்கு இதே டீசல் பம்ப் கோளாறு. கம்பெனி மேல் வழக்குப் போடலாமா? (கீழக்கரை)

போடலாம், ஆனால் நாள் கணக்கு உண்டு தம்பி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் உண்டான நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் நுகர்வோர் ஆணையம் ஏற்கலாம். "லோடு வண்டி வியாபாரத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று மறுப்பார்கள். பிழைப்புக்காக வாங்கிச் சொந்தமாக ஓட்டுகிறவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள். நான்கு பேரும் ஜாப் கார்டு, சர்வீஸ் பில், மாற்றிய பழைய பாகம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். கழற்றிய பம்பைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தால் கோளாறு உற்பத்தியிலா, டீசலிலா என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

தம்பி, வீட்டுக்காரர் தவறிவிட்டார். மகன் கருவாட்டு லோடு ஓட்டப் பழைய பிக்கப் ஒன்று பார்த்திருக்கிறோம். என்ன பார்க்க வேண்டும்? (ஏர்வாடி)

அக்கா, சொல்லாமல் விடியற்காலையில் போங்கள். மகன் முதலில் பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்க்கட்டும். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், அன்று பார்க்காமல் திரும்பிவிடுங்கள். ஆறியிருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். காவியாக இருந்தால் போர் தண்ணீர் குடித்த வண்டி. ஆயில் குச்சியில் பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் வேண்டவே வேண்டாம். அப்புறம் ஒரு சின்னச் சுத்தியலோடு அடியில் படுத்து, பின் சேஸைத் தட்டச் சொல்லுங்கள். ஐஸ் தண்ணீர் ஒழுகி ஒழுகி அங்கேதான் முதலில் அரிக்கும். கணீர் என்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். எட்டு வயது தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், அது எந்த மாதம் முடிகிறது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். பேசி முடித்தால் முன்பணம் கொடுப்பதற்கு முந்தின நாள் உச்சிப்புளியில் இருக்கும் என் பட்டறைக்கு ஓட்டி வரச் சொல்லுங்கள், கம்ப்ரஷன் நான் பார்த்துத் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம்.