பழைய படுக்கை விரிப்பில் ஏப்ரன்: கேள்வி-பதில்

கேள்வி: ஒரே ஒரு தலையணை உறை இருக்கிறது. ஏப்ரன் வருமா?

வரும். மடிப்பு எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். 45-க்கு 70 செ.மீ. உறை நீளவாக்கில் மடித்துத் தைத்ததாக இருந்தால், பிரித்ததும் ஏறக்குறைய 90-க்கு 70 கிடைக்கும். மார்பு வரை வருகிற முழு ஏப்ரனே, சற்றே சிறியதாக, வெட்டலாம். அகலவாக்கில் மடித்திருந்தால் 45-க்கு 140 என்று ஒல்லியாக நீளும். நடுவில் வெட்டி, பக்கவாட்டில் இணைத்து, இணைப்பின் மேல் பூவேலை போட்டு மறைத்துக்கொள்ளுங்கள். நாடாவுக்கு எப்படியும் வேறு துணி வேண்டும். பிரிப்பதற்கு முன் உறையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தலை அழுந்திய நடுப்பகுதி நைந்திருந்தால் அங்கே ஊசி வைக்காதீர்கள்.

கேள்வி: நேராகத்தான் வெட்டினேன். இரண்டு முறை துவைத்ததும் ஏப்ரன் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தொங்குகிறது. மெஷின் கோளாறா?

மெஷின் என்ன பாவம் செய்தது? எதை வைத்து ‘நேர்’ என்று முடிவு செய்தீர்கள் என்பதைச் சொல்லவே இல்லை. விரிப்பின் மடித்த ஓரத்தை வைத்துத்தான் இருக்கும். மாதத்துக்கு நாலு கடிதமாவது இப்படி வருகிறது, எல்லோரும் மெஷினையோ நூலையோதான் திட்டுகிறார்கள். விரிப்பின் ஓரம் இழையோடு ஒட்டித்தான் போகும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மொத்தமாகத் தைத்துத் தள்ளும்போதே கோணலாக மடிந்திருக்கலாம்; பிறகு வருஷக்கணக்கில் மெத்தைக்கு அடியில் செருகி இழுத்ததில் துணியே கோணியிருக்கலாம்.

ஓரத்தை நம்பாதீர்கள், இழையை நம்புங்கள். மடிப்பைப் பிரித்து, ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுப் போட்டு, ஊடை இழை (துணியின் குறுக்கே ஓடுவது) ஒன்றை மெல்ல உருவுங்கள். துணியில் கோடு விழும். அதன் மேலேயே கத்தரியை ஓட்டுங்கள். பாவு இழை (துணியின் நீளவாக்கில் ஓடுவது) ஏப்ரனின் நீளத்தில் வரட்டும். துணி கோணியிருந்தால் ஈரமாக இருக்கும்போது, உள்ளடங்கி நிற்கிற இரண்டு எதிர் மூலைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக் குறுக்கே இழுத்து, விரித்துப் போட்டு உலர்த்துங்கள்.

அடுத்தது, துவைத்துவிட்டு வெட்டுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் “பழைய விரிப்புதானே, நூறு முறை துவைத்ததுதானே” என்று பதில் வருகிறது. விரிப்பு பழையதுதான். அதன் மேல் வைத்த பருத்தி நாடாவும் பாக்கெட் துணியும் புதியவை ஆயிற்றே! புதுப் பருத்தி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். நாடா சுருங்கும், விரிப்பு சுருங்காது, ஓரம் கொசகொசவென்று இழுத்துக்கொள்ளும். உங்கள் ஏப்ரனுக்கு இனி செய்யக்கூடியது: நாடாவையும் கீழ் மடிப்பையும் பிரியுங்கள். ஈரத்தில் இழுத்து நேராக்கி உலர்த்துங்கள். இழை பார்த்துக் கீழ் ஓரத்தை வெட்டி மறுபடி மடியுங்கள். நாலு விரற்கடை நீளம் போகும், பரவாயில்லை.

கேள்வி: எம்ப்ராய்டரி நூலில் எத்தனை இழை எடுக்க வேண்டும்?

கோட்டு வேலைக்கு இரண்டு, நிரப்புவதற்கு மூன்று. நூலில் இருக்கிற ஆறு இழையையும் சேர்த்துக் கோத்து மெல்லிய விரிப்பைத் துளைக்காதீர்கள்.

கேள்வி: பூ போட்ட இடம் மட்டும் சுருங்கி நிற்கிறது.

நூலை இறுக்கி இழுக்கிறீர்கள், அல்லது துணி நைந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தீர்களா? நைந்திருந்தால் பின்னால் ஒரு மெல்லிய பருத்தித் துண்டை வைத்து இரண்டையும் சேர்த்துத் தையுங்கள். முழங்கை அளவுக்கு மேல் நூல் கோக்க வேண்டாம், முறுக்கிக்கொள்ளும். சாட்டின் தையலை (இழைகளை நெருக்கமாக அடுக்கி நிரப்புகிற தையல்) ஒரு செ.மீ.க்கு மேல் நீட்டினால் எதிலாவது மாட்டி இழுபடும். வயிற்றுப் பகுதியில் பூவே வேண்டாம், எல்லோரும் கை துடைக்கிற இடம் அது. மார்பிலோ பாக்கெட் மூலையிலோ போடுங்கள். பாக்கெட்டில் போடுவதானால் ஏப்ரனோடு சேர்ப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கேள்வி: சிவப்பு நூலின் சாயம் வெள்ளைத் துணியில் இறங்கிவிட்டது. உப்புத் தண்ணீரில் போட்டால் நிற்குமா?

நிற்காது. உப்போ வினிகரோ இப்போதைய சாயங்களைப் பிடித்து நிறுத்தாது. காயவிடாமல், இஸ்திரியும் போடாமல், தண்ணீர் தெளிகிறவரை குளிர்ந்த நீரை மாற்றி மாற்றி அலசுங்கள். ஈரத்தோடு இருக்கும்போதே செய்தால் பெரும்பாலும் போகும். அடுத்த முறை நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். அரை நிமிஷ வேலை.

கேள்வி: டிசைன் வரைய எந்தப் பேனா நல்லது?

தண்ணீரில் போகிற பேனா. அலசுவதற்கு முன் இஸ்திரி போட்டால் கறை நிலைத்துவிடலாம். சூட்டில் மறைகிற பேனாவின் கோடு, கடுங்குளிர் பட்டால் திரும்ப வரலாம்.

கேள்வி: பாலியஸ்டர் விரிப்பில் தைக்கலாமா?

அடுப்புப் பக்கம் நிற்பவருக்கு வேண்டாம். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். எது என்று தெரியாவிட்டால் நாலு இழையை இடுக்கியில் பிடித்து எரித்துப் பாருங்கள்: பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி உருண்டையாகும்.

கேள்வி: கீழ் ஓரத்தில் லேஸ் வைக்கலாமா?

பாக்கெட்டில் வையுங்கள்.

கேள்வி: ஏப்ரனுக்கு அளவு சொல்லுங்கள்.

யாருக்கு? குழந்தைக்கா, ஆறடி ஆளுக்கா? நடுத்தர உயரமுள்ள பெரியவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: நீளம் 85, அகலம் 70, மார்புப் பகுதி 25 முதல் 28 செ.மீ. இது தைத்து முடித்த அளவு. மடிப்புக்குச் சுற்றிலும் மூன்று செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். நாடாவுக்குப் பத்து செ.மீ. அகலப் பட்டியை நாலாக மடித்துத் தைத்தால் இரண்டரையில் நிற்கும். பின்னால் கொண்டுபோய் முன்னால் முடிச்சுப் போட வேண்டுமானால் பக்கத்துக்கு 90 செ.மீ.யாவது வேண்டும். நாடா முனையை ஓர மடிப்புக்குள் செருகி, சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு ஓட்டு ஓட்டுங்கள். நைந்த விரிப்பானால் அந்த இடத்துக்கு உள்பக்கம் ஒரு கனமான துண்டு வைக்காமல் நாடாவைத் தொடவே வேண்டாம். அளவெடுக்கும் முன், துணியைத் துவைத்தாயிற்றா?